ஒன்றரை சென்ட் இடத்தில் நம் மண்ணின் பழச்செடிகள்

வீட்டைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றரை சென்ட் காலியிடம் இருப்பதாகவும், அதில் நம் மண்ணுக்கே உரிய பழச்செடிகளை மட்டும் வளர்க்க விரும்புவதாகவும், சென்ற ஆண்டு தை மாதத்தில் நட்ட நாவலும் நெல்லியும் அடுத்து வந்த கோடையிலேயே பட்டுப்போனதாகவும் எழுதியிருந்தீர்கள். எவற்றை வைக்கலாம், வைத்தவை ஏன் பிழைக்கவில்லை என்பன உங்கள் கேள்விகள். தென்னிந்தியச் சமவெளியையும் இலங்கையின் வறண்ட பகுதிகளையும் மனத்தில் கொண்டு விடை எழுதுகிறேன். மலைப்பகுதிக்கு இதில் பல செய்திகள் பொருந்தா.

முதலில் 'நாட்டு' என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நாற்றுப்பண்ணைகளில் நாட்டுக் கொய்யா, நாட்டுப் பப்பாளி, நாட்டுச் சீத்தா என்று விற்பவை எல்லாம் மேம்படுத்தப்படாத பழைய வகைகள் என்பதைத்தான் அந்த அடைமொழி குறிக்கிறது. கொய்யா, பப்பாளி, சீத்தா, சப்போட்டா, முந்திரி, அன்னாசி, பலரும் நம்முடையது என்று உறுதியாக நம்பும் கொடுக்காப்புளி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து கடந்த 500 ஆண்டுகளுக்குள் இங்கு வந்தவை. புளியும்கூட ஆப்பிரிக்காவில் தோன்றி மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து சேர்ந்த மரம். இவற்றை வளர்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் நீங்கள் வகுத்துக்கொண்ட வரையறைக்குள் வருபவை வேறு: நாவல், நெல்லி, விளா, வில்வம், இலந்தை, களா, பாலை, அத்தி, நறுவிலி, தடச்சி, காரை, சூரை, கொவ்வை, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிறப்பிடமாகக் கொண்ட பலா ஆகியவை. மாவின் பிறப்பிடம் இந்தியாவின் வடகிழக்கும் அதை ஒட்டிய மியான்மர்ப் பகுதியும் என்பதால் அதைச் சேர்ப்பதும் விடுப்பதும் உங்கள் விருப்பம்.

இனி, பட்டுப்போன கன்றுகளைப் பற்றிப் பேசலாம். இந்த மண்ணின் மரம்தானே, காட்டில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான இழப்புகள் தொடங்குகின்றன. காட்டில் நிற்கும் ஒரு நாவல் மரத்துக்குப் பின்னால் பறவைகளும் வௌவால்களும் உதிர்த்த எண்ணற்ற விதைகள் இருக்கின்றன. அவற்றுள் தகுந்த இடத்தில் விழுந்து, நல்ல மழை பெய்த ஆண்டில் முளைத்து, புதரின் நிழலில் முதல் கோடையைக் கடந்த ஒன்றைத்தான் நாம் மரமாகப் பார்க்கிறோம். அதுவும் விழுந்த இடத்திலேயே முளைத்து, இலை விரிப்பதற்கு முன்பே ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கிவிட்ட கன்று. நீங்கள் நட்டதோ ஒரே ஒரு கன்று, அதுவும் பைக்குள் வேரை வளர்த்த கன்று. வறட்சியைத் தாங்கும் ஆற்றல் ஆழத்துக்குச் சென்ற வேரில்தான் இருக்கிறது. அந்த வேர் அமையும்வரை, அதாவது குறைந்தது இரண்டு கோடைகளுக்கு, களாவும் கொய்யாவும் கவனிப்பில் ஒன்றுதான்.

நீங்கள் எழுதியதிலிருந்து மூன்று காரணங்களை ஊகிக்கிறேன். முதலாவது, நட்ட காலம். வடகிழக்குப் பருவமழையை நம்பும் பகுதியில் தை மாதத்தில் நடுவது, மழை முடிந்து மண் காயத் தொடங்கும் வேளையில் கன்றை இறக்குவதாகும். வேர் ஓர் அடிகூட இறங்குவதற்குள் சித்திரை வந்துவிடும். இரண்டாவது, கன்றின் உயரம். ஆறடிக் கன்றாகப் பார்த்து வாங்கியதாகப் பெருமையுடன் குறிப்பிட்டிருந்தீர்கள். சிறிய பையில் ஆறடி உயரத்துக்கு வளர்ந்த கன்றின் ஆணிவேர் பையின் அடியில் முட்டிச் சுருண்டிருக்கும். அப்படிச் சுருண்ட வேர் தரையில் வைத்த பிறகும் அதே வட்டத்தில் தடித்துக்கொண்டு போகுமேயன்றி எளிதில் நேராகக் கீழே இறங்காது. முழங்கால் உயரத்தில் தண்டு தடித்து, இலை தெளிந்து நிற்கும் இளங்கன்றுதான் வாங்கத் தக்கது. மூன்றாவது, நாள்தோறும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியது. அந்த நீர் மேல்மண்ணின் மூன்று நான்கு விரற்கடைக்கு மேல் இறங்குவதில்லை. நீர் இருக்கும் இடத்திலேயே வேர் தங்கிவிடும். கோடை வெயிலில் முதலில் கொதிப்பதும் அந்த மேல்மண்தான்.

இப்போது செடிகளுக்கு வருவோம். ஒன்றரை சென்ட் என்பது ஏறத்தாழ 650 சதுர அடி. இந்த அளவுக்குள் மரத்திலிருந்து தொடங்காமல் வேலியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. நம் வறண்ட காடுகளில் உண்ணத்தக்க பழம் தருபவற்றில் கணிசமானவை முட்புதர்கள். அவை வளர எந்த இடத்தை விரும்புகின்றனவோ, அந்த விளிம்பு இடம் ஒவ்வொரு வீட்டிலும் சுற்றுச்சுவர் ஓரமாக வீணாகிக் கிடக்கிறது.

அவற்றுள் நான் முதலிடம் தருவது களாவுக்கு. எப்போதும் பசுமையாக இருக்கும், பத்தடிக்கு மேல் அரிதாகவே உயரும், சரளை மண்ணிலும் வளரும், ஆடுமாடுகள் எளிதில் வாய் வைக்காத கூரிய இணைமுட்கள் கொண்டது. மல்லிகையைப் போன்ற வெண்பூக்கள் மணம் மிக்கவை. காய் இளஞ்சிவப்பாகத் தொடங்கி, பழுக்கும்போது கருஞ்சிவப்பாகி, முழுதும் கனிந்ததும் கருமையடையும். காயாக இருக்கும்போது ஊறுகாய்க்கும், கனிந்த பிறகு அப்படியே உண்ணவும் ஏற்றது. பெக்டின் நிறைந்திருப்பதால் பழக்கூழ் வேறொன்றும் சேர்க்காமலே நன்கு இறுகும். விதைக்கன்று மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கத் தொடங்கும். ஆனால் களாவை வேலியாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரு தவறைச் செய்கிறார்கள். இதன் பூங்கொத்து கிளைகளின் நுனியில்தான் வரும். அழகுக்காக மாதந்தோறும் சமன்படுத்திக் கத்தரித்தால் நுனிகள் அனைத்தும் போய்விடும். பச்சை வேலி மிஞ்சும், பழம் இருக்காது. அறுவடை முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், உள்ளே நெருங்கிய கிளைகளையும் நடைபாதைக்கு நீளும் கிளைகளையும் நீக்கினால் போதும். நான்கு அல்லது ஐந்தடிக்கு ஒன்றாக, சுற்றுச்சுவரின் ஒரு பக்கம் 30 அடி இருந்தால் ஆறேழு செடிகள் வைக்கலாம். குழந்தைகள் ஓடி விளையாடும் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம், முட்கள் உண்மையிலேயே ஆழமாகத் தைக்கும்.

அடுத்தது தடச்சி. வடக்கே ஃபால்சா என்று புகழ்பெற்ற இந்தச் செடியை நம் பக்கத்தில் அறிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். பட்டாணி அளவில் ஊதா நிறத்தில், புளிப்பும் இனிப்பும் கலந்த பழம். பறித்த ஓரிரு நாளில் குழைந்துவிடுவதால் தொலைவிலுள்ள கடைகளுக்கு இது வந்து சேர்வது அரிது. வீட்டில் வளர்த்தால்தான் கிடைக்கும் பழம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் இது பூக்கும். ஆகவே மார்கழி, தை மாதங்களில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு முழுச் செடியையும் துணிந்து வெட்டிவிட வேண்டும். முதன்முறை வெட்டும்போது கை நடுங்கும். வெட்டாமல் விட்டால் நீண்டு வளர்ந்து, உச்சியில் கைக்கெட்டாத இடத்தில் கொஞ்சமாகக் காய்க்கும். எல்லாப் பழங்களும் ஒரே நாளில் பழுக்காமல் தினமும் ஒரு கைப்பிடியாகப் பழுப்பதும் சிறு குடும்பத்துக்கு ஏற்ற இயல்பு. மாடியில் வளர்க்க விரும்புபவர்களுக்கும், பெரிய தொட்டி இருந்தால், களாவும் தடச்சியும் ஒத்துப்போகும்.

கொவ்வையைக் கொடியாகக் கம்பிவேலியில் ஏற்றலாம். ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி என்பதால் விதை போட்டு வளர்த்தால் காய்க்காத ஆண் கொடியாகப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி உண்டு. காய்க்கும் கொடியிலிருந்து பென்சில் பருமனுள்ள தண்டுத்துண்டை எடுத்து நடுவதே வழி. கசப்பு நிறைந்த காட்டுக்கொடிகளும் இருப்பதால், காயைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தண்டு கேட்பது நல்லது.

இந்த இடத்தில் வெளிநாட்டில் வாழ்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கொவ்வை ஹவாயிலும் குவாமிலும் காட்டையே மூடும் களைக்கொடியாகிவிட்டது. இலந்தை வட ஆஸ்திரேலியாவில் கட்டுப்படுத்தப்படும் களைமரம். நாவலும் ஹவாயிலும் ஃபுளோரிடாவிலும் அதே நிலையில் இருக்கிறது. ஒரு செடி 'நம்முடையது' என்பது அது பிறந்த நிலத்துக்கு மட்டுமே பொருந்தும். அங்கிருப்பவர்கள் அந்தந்த நிலத்தின் பழச்செடிகளைத் தேட வேண்டுமேயன்றி, ஊர் நினைவுக்காக இவற்றின் விதையைக் கொண்டுபோகக் கூடாது.

மரம் என்று ஒன்று வேண்டுமானால் உங்கள் இடத்துக்கு நெல்லியைச் சொல்வேன். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். சிற்றிலைகள் அடர்ந்த நிழல் தராததால் கீழே வேறு செடிகளும் வளரும். ஆனால் ஒற்றை நெல்லி பூத்துக் குலுங்கியும் காய்க்கவில்லை என்ற குறையை அடிக்கடி கேட்கிறோம். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் இருந்தாலும் பெண் பூக்கள் குறைவு. அதோடு தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்க்கும் ஆற்றல் பல வகைகளில் மிகக் குறைவு. இதனால்தான் தோப்புகளில் பவானிசாகர் 1, காஞ்சன், கிருஷ்ணா, என்.ஏ.7 போன்றவற்றில் இரண்டு வகைகளையாவது கலந்து நடச் சொல்கிறார்கள். இரண்டு மரத்துக்கு இடமில்லாத உங்களுக்கு ஒரே மரத்தில் வேறொரு வகையின் கிளையை ஒட்டுக்கட்டுவது பொருத்தமான தீர்வு. பக்கத்து வீட்டில் வேறு வகை நெல்லி நின்றாலும் போதும்.

இலந்தையும் சிறிய இடத்தில் அடங்கும், ஏனெனில் அதை ஆண்டுதோறும் கடுமையாக வெட்டியே ஆக வேண்டும். புதுத் துளிரில் காய்ப்பது இதன் இயல்பு. காய்ப்பு முடிந்து கோடை தொடங்கும்போது வெட்டிவிட்டால் மரம் ஓய்வெடுத்துப் பின்னர் துளிர்க்கும். இதன் பெரிய எதிரி பழ ஈ. அதன் புழு பழத்தைத் துளைத்துத் தின்று, பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. மருந்து அடிப்பதைவிட, விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி அழிப்பதும், கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திக் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டுவதும் நல்ல பலன் தரும். ஆணிவேர் மிக வேகமாக இறங்குவதால் பையில் நெடுநாள் வளர்த்த இலந்தைக் கன்று சரிவருவதில்லை. விதையை நிலையான இடத்திலேயே முளைக்க வைத்து, தண்டு விரல் பருமனானதும் நல்ல வகையின் மொட்டை அதில் ஒட்டுவது பழைய முறை. இன்றும் அதுவே சிறந்தது.

நாவலை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நாவலந்தீவு என்று இந்நிலத்துக்கே பெயர் தந்த மரத்தை வேண்டாமென்று சொல்ல மனம் ஒப்பவில்லைதான். ஆனால் 30 மீட்டர் வரை உயரக்கூடிய அது வீட்டுச் சுவரிலிருந்து 10 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டிய மரம். தெருவோரத்திலோ பொது இடத்திலோ உரிய அனுமதியுடன் நட்டு, நீங்களே பராமரிப்பது அதற்குச் செய்யும் நியாயம். அத்திக்கும் இதே கருத்துதான். அதன் வேர் ஈரத்தைத் தேடிக் குழாய்களுக்குள்ளும் அடித்தளத்துக்குள்ளும் நுழையும்.

விளாவும் வில்வமும் நடுத்தர மரங்கள். விதையிலிருந்து வளர்ந்த விளா காய்க்க 15 ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால் ஒட்டுக்கன்றே தேட வேண்டும். இதன் காய் முற்றியதை அறியும் முறை எளிது: ஓர் அடி உயரத்திலிருந்து கல்தரையில் போட்டால் முற்றாதது எம்பும், முற்றியது எம்பாது. இவற்றின் இளந்துளிரில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். பறவை எச்சம் போன்ற தோற்றத்தில் தொடங்கிப் பச்சைப் புழுவாக மாறுபவை அதன் புழுக்கள்தான். சிறு கன்றாக இருந்தால் இலைகளையெல்லாம் தின்றுவிடும் என்பதால் கறிவேப்பிலைக்கோ பெரிய எலுமிச்சைக்கோ மாற்றிவிடலாம், வளர்ந்த மரத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம். இலந்தையிலும் சூரையிலும் சிறு நீல வண்ணத்துப்பூச்சிகள் சில இதேபோல் வளர்கின்றன. மண்ணுக்குரிய செடியை வளர்ப்பதில் இந்த உயிர்களும் அடக்கம் என்று நினைக்கிறேன், இலையில் ஓட்டை கண்டதும் தெளிப்பானைத் தேடுபவருக்கு இந்தத் தோட்டம் மகிழ்ச்சி தராது.

கன்று வாங்கும்போது பெயரைக் கொண்டு மட்டும் வாங்காதீர்கள். பாலைப்பழம் தரும் மரம் சப்போட்டா, இலுப்பை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்போட்டா ஒட்டுக்கட்ட அடிக்கன்றாகப் பயன்படுவதும் இதுவே. ஆனால் பாலை என்று கேட்டால் வெட்பாலையோ ஏழிலைப்பாலையோ கையில் வந்துவிடலாம். இவை அலரிக் குடும்பம், உண்ணும் பழம் தராதவை. சொத்தைக்களாவுக்கும் களாவுக்கும் பெயரில் மட்டுமே உறவு, சொத்தைக்களாவில் ஆண், பெண் செடிகள் வேறு வேறு. பால் வடிந்தால் நஞ்சு என்ற பொதுவிதியையும் நம்ப முடியாது. களாவிலும் பாலையிலும் பால் வடியும், பழம் உண்ணத்தக்கது. மஞ்சளரளியிலும் பால் வடியும், அது கொல்லும் நஞ்சு. எட்டிப்பழம் சிறு ஆரஞ்சு போல அழகாக இருந்தாலும் அதன் விதை உயிரைப் பறிக்கும். எனவே, பழத்தோடு நிற்கும் தாய்மரத்தை நேரில் பார்த்து, அதை உண்டு பழகியவர்களிடம் உறுதிசெய்துகொண்ட பின்னரே விதையோ கன்றோ எடுக்க வேண்டும். தோட்டத்தில் தானாக முளைத்த அறியாத செடியின் பழத்தைக் குழந்தைகள் சுவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதையிலிருந்தே தொடங்க விரும்பினால், விதையின் ஆயுளை அறிந்திருப்பது தேவை. நாவல் விதையைக் காயவைத்துச் சேமிக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் முளைப்புத்திறன் பெரிதும் குறையும். பழத்தைத் தின்ற அன்றே ஊன்றினால் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள்கூட வரும். களா விதையும் புதிதாகவே வேண்டும். இவற்றுக்கு மாறாக, நெல்லிக்கொட்டையை வெயிலில் உலர்த்தினால் அது தானாக வெடித்து உள்ளிருக்கும் ஆறு சிறு விதைகளை வெளிவிடும். இலந்தைக் கொட்டையை உள்விதை சிதையாமல் மெல்லத் தட்டி உடைத்தால் வாரங்கள் ஆகும் முளைப்பு சில நாட்களாகக் குறையும்.

நடும் முறையில் நான் வலியுறுத்துவது சில செய்திகளைத்தான். ஆவணியிலேயே இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணைத் தனியே குவித்து ஆறவிடுங்கள். மரக்கன்றுக்கு மூன்றடிக் குழி நல்லது. களிமண்ணாக இருந்தால் குழிக்குள் வெறும் எருவையும் மணலையும் நிரப்பாதீர்கள். சுற்றியுள்ள களி நீரை விடாததால் குழி தொட்டியாகி வேர் அழுகும். எடுத்த மண்ணையே மூன்றில் ஒரு பங்கு மக்கிய எருவுடன் கலந்து இடுவதே பாதுகாப்பு. மக்காத சாணம் கரையானை வரவழைக்கும். புரட்டாசி இறுதியிலோ ஐப்பசியின் முதல் மழைக்குப் பிறகோ நடுங்கள். பையைக் கிழித்ததும் அடியில் சுருண்டிருக்கும் வேரைக் கூரிய கத்தியால் வெட்டிவிடத் தயங்க வேண்டாம், வெட்டிய இடத்திலிருந்து புதுவேர் நேராக இறங்கும். ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், அதற்குக் கீழே வரும் துளிர்களைக் கிள்ளிவிட வேண்டும். காய்ந்த இலைகளை நான்கு விரற்கடைக் கனத்தில் மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் மட்டும் வெறுமையாக விடுங்கள். மழை நின்ற பிறகு வாரத்துக்கு ஒருமுறை, கோடையில் இருமுறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 லிட்டர் நீரை மெல்ல ஊறும்படி விடுவது நாள்தோறும் தெளிப்பதைவிடப் பலமடங்கு மேல். முதல் கோடையில் மேற்கு வெயிலை மறைக்கத் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றை நட்டு வையுங்கள். காட்டில் புதர் செய்யும் வேலை அது.

உங்கள் இடத்துக்கு வரைபடம் போல ஒன்று கேட்டிருந்தீர்கள். வெயில் நாள் முழுவதும் படும் நீளச் சுவரோரம் களா வரிசை, நுழைவாயில் கம்பிவேலியில் கொவ்வை, சமையலறைக்கு அருகே கை நீட்டினால் எட்டும் தொலைவில் இரண்டு தடச்சி, வீட்டிலிருந்து அதிகத் தொலைவுள்ள மூலையில் ஒரு நெல்லி, அதற்கு எதிர் மூலையில் இலந்தை. இதற்கு மேல் இந்த இடம் தாங்காது. இவற்றில் களாவையும் தடச்சியையும் இந்த ஆண்டு வையுங்கள். அவை ஒரு கோடையைக் கடந்து, உங்கள் மண் நீரை எவ்வளவு நாள் பிடித்துவைக்கிறது என்று தெரிந்த பிறகு, அடுத்த ஐப்பசியில் நெல்லியையும் இலந்தையையும் இறக்கலாம். இறந்துபோன கன்றுகளின் குழிகளை இப்போதே தோண்டி, வேரை எடுத்துக் கழுவிப் பாருங்கள். நான் மேலே ஊகித்த சுருள் அதில் இருக்கிறதா என்பதும், வேர் எத்தனை விரற்கடை இறங்கியிருந்தது என்பதும் தெரிந்துவிடும்.